காற்றடைத்த பெரும்பந்து: ஒரு வரலாற்று நோக்கு

பந்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இறப்பரின் வரலாற்றை எழுதி அமைவர். மரத்திற் பால் கண்டதும், அப்பாலைக் கந்தகத்தோடு கூட்டிச் சூடாக்கி உறுதியாக்கியதும், பின்னர் அது உருண்டை வடிவங்கொண்டு விளையாட்டரங்குக்கு வந்ததும் அவர்கள் கூறுங் கதை. அக்கதை பிழையன்று, ஆயினும் அது பாதிக்கதை. கையிலடங்கும் பந்துக்கும் காலால் உதைக்கும் பந்துக்கும் அது போதும். ஆளின் இடுப்பளவு உயர்ந்து நிற்கும் பெரும்பந்துக்கு அது போதாது. பெரும்பந்து உலகில் தோன்றுதற்கு முதற்காரணமாய் நின்றது அதன் தோலன்று; அதனுட் காற்றைச் செலுத்திய கருவியே என்பது என் துணிபு. அதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரை.

இவ்வாராய்ச்சியில் என்னை இழுத்துவிட்டது ஏட்டுப் படிப்பன்று. மன்னார்ப் பட்டினத்தையடுத்த கீரியில் உயர்தர வகுப்பு மாணவர் சிலர், அமெரிக்க மாணவர்க்கென நடத்தப்பெறும் றோபோப் போட்டியொன்றின் பழைய விதிநூலை இணையத்திற் கண்டெடுத்து, அதிற் கூறிய ஆட்டத்தைத் தாமும் ஆடிப்பார்க்க விரும்பினர். பலகை, பழைய மோட்டார், மின்கலம் முதலியவற்றை அவர்களே தேடிக்கொண்டனர். பந்து மாத்திரம் அகப்படவில்லை. விதிநூல் கேட்டது ஈரடி விட்டமுள்ள பந்து. கடைத்தெருவிற் கிடைத்தது உதைபந்து. "பந்து இல்லாமல் இந்த மெசின் எதைத் தூக்கும், சேர்?" என்று ஒருவன் கேட்டான். வரலாறு கற்பிக்கும் எனக்கு அவ்வேளை விடை கூற இயலவில்லை. விடையைத் தேடிச் சென்றபோதுதான் நம் தீவும் நம் கடலும் இவ்வரலாற்றினுள் எதிர்பாராத இடங்களில் வந்து நிற்பதைக் கண்டேன்.

தமிழர்க்குப் பந்து புதிதன்று. சங்கப் பாக்களில் அது மகளிர் ஆடற்பொருளாகப் பலவிடத்தும் வருகின்றது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிற் கந்துகவரி என ஒரு பகுதியே உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலே திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் காட்சியை அறியாத தமிழ் மாணவர் இலர். எனினும் இப்பந்துகள் நூலும் துணியும் வரிந்து கட்டிய சிறு பந்துகள், காற்றடைத்தவை அல்ல. மற்றொருபுறம், காற்றை அடக்கிச் செலுத்தும் கருவியும் தமிழர் கையில் இருந்தது. கொல்லன் உலையிலே தோலாற் செய்த துருத்தி ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஊதிக்கொண்டிருந்தது. தோல் இருந்தது, துருத்தி இருந்தது, பந்தாடும் வேட்கையும் இருந்தது. மூன்றும் ஓரிடத்திற் கூடவில்லை. வரலாற்றிலே ஒரு பொருள் தோன்றாமைக்கு அறிவுக் குறைவே காரணமென்று எளிதிற் கூறிவிடுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

இவ்வாறு கூடாமை நமக்கு மாத்திரம் உரியதன்று. மெக்சிக்கோ வளைகுடாவை அண்டிய எல் மனாத்தி என்னுமிடத்துச் சதுப்பு நிலத்திலிருந்து அகழ்ந்தெடுத்த இறப்பர்ப் பந்துகள் ஏறக்குறைய 3,600 ஆண்டுப் பழமையுடையவை. மரப்பாலோடு ஒருவகைக் கொடியின் சாற்றைக் கலந்து அதனைத் துள்ளும் பொருளாக்கும் முறையை அந்நாட்டார் அறிந்திருந்தனர் என்பதை மசாச்சுசெற்சுத் தொழினுட்பக் கழகத்தார் 1999இல் விளக்கினர். குட்இயர் பிறப்பதற்கு மூவாயிரம் ஆண்டுகளின் முன் இறப்பரைப் பதப்படுத்தியவர்கள் அவர்கள். எர்னான் கோட்டெசு 1528இல் அவ்வாட்டக்காரர் சிலரை ஸ்பானிய அரசவைக்கு அழைத்துச் சென்றபோது, தரையில் விழுந்த பந்து தானே மேலெழுவதைக் கண்டு ஐரோப்பியர் வியந்தனர். ஆயினும் அப்பந்துகள் உள்ளும் புறமும் ஒரே திண்மப் பொருள். மூன்று நான்கு கிலோ நிறையுள்ள அவற்றை இடுப்பால் மோதி ஆடினர்; அடிபட்டு மாய்ந்தோரும் உளர். திண்மப் பந்து பெருத்தால் அது பந்தன்று, பாறை.

உரோமரிடத்து நிலைமை இதற்கு நேர்மாறு. இறப்பரை அவர் அறியார். ஆனாற் காற்றடைத்த பந்தை அறிந்திருந்தனர். 'ஃபொல்லிசு' என அவர் வழங்கிய அச்சொல்லுக்குத் துருத்தி என்பதும் ஒரு பொருள். இலேசான அப்பெரும்பந்து சிறுவர்க்கும் முதியோர்க்கும் ஏற்றதென மார்சியல் என்னும் புலவர் குறிப்பிடுகின்றார். அதற்கும் முன்னே, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அசீரியப் புடைப்புச் சிற்பங்களில், காற்றூதிய ஆட்டுத்தோலைத் தழுவிக்கொண்டு ஆற்றை நீந்திக் கடக்கும் வீரரைக் காண்கின்றோம். ஆகவே ஒரு கண்டத்தார் இறப்பரை வைத்துக்கொண்டு காற்றை மறந்தனர். மற்றொரு கண்டத்தார் காற்றை வைத்துக்கொண்டு இறப்பரின்றி இருந்தனர்.

இடைக்கால ஐரோப்பாவில் உதைபந்தின் உள்ளே இருந்தது பன்றியின் சிறுநீர்ப்பை. ஸ்கொத்லாந்திலே ஸ்டேர்லிங் அரண்மனையின் கூரைப் பலகைகளிடையே அகப்பட்டதும் 1540களைச் சார்ந்ததுமான பந்தொன்று இன்றும் அந்நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. பன்றியின் பையை மாட்டுத்தோலாற் பொதிந்து தைத்த பந்து அது. அப்பையின் அளவே பந்தின் அளவு. விலங்கின் உறுப்பினும் பெரிய பந்தைச் செய்ய வழியில்லை. அதனை நிரப்பும் வேலையோ இன்னுங் கொடியது. இங்கிலாந்தில் ரக்பிப் பாடசாலைக்கு அண்மையில் சப்பாத்தும் பந்தும் செய்துவந்த ரிச்சட் லிண்டன் என்பாரின் மனைவி, பன்றிப் பைகளை வாயால் ஊதும் தொழிலில் ஈடுபட்டிருந்தார். நோயுற்ற பன்றிகளின் பைகளை ஊதியமையால் நுரையீரல் நோய் பற்றி அவர் இறந்தார் என்பர். லிண்டன் 1862 அளவில் பன்றிப் பையை விடுத்து இறப்பர்ப் பையைச் செய்தார். அது வாயால் ஊதற்கு இயலாத அளவு விறைப்பாயிருந்தமையின், காதில் மருந்து செலுத்தும் பீச்சாங்குழலைப் பார்த்துப் பித்தளையாற் பம்பியொன்றையும் செய்தார். மூவாயிரம் ஆண்டு தனித்தனி நின்ற இரண்டும், பந்து செய்யும் ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் கடையிலே கூடின. குட்இயர் 1844இற் பெற்ற காப்புரிமையைப் பாடநூல்கள் மறவாது கூறும். ஊதி ஊதி உயிர்விட்ட அப்பெண்ணை அவை கூறுவதில்லை. பந்தின் வரலாற்றிலே பம்பி வந்ததற்குக் காரணம் தேடுவோர் அவளைத் தவிர்த்து எழுதுவது எங்ஙனம் என எனக்குத் தெரியவில்லை.

பம்பியின் பின்வரலாறு சுவையானது. பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியரான டன்லப் 1888இற் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனின் முச்சக்கர வண்டிக்கென முதலிற் செய்த குழாயை நிரப்ப அவர் எடுத்துக்கொண்டது உதைபந்துக்குக் காற்றடிக்கும் பம்பியே என்பர். பந்துக்குப் பிறந்த பம்பி சைக்கிளுக்குப் போயிற்று. சைக்கிளோ உலகெங்கும் பரந்து, ஊர்தோறும் அப்பம்பியைக் கொண்டு சேர்த்தது. இன்று நம் சிறுவர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது சைக்கிள் திருத்தும் கடைக்குத்தான்.

காற்றின் இயல்பை மேலைநாட்டார் ஆய்ந்தறிந்த கதையை இங்கு விரித்தல் வேண்டா. அமுக்கம் இருமடங்கானாற் காற்றின் கனவளவு பாதியாகும் என்னும் விதியை றொபேட் பொயில் 1662இல் வெளியிட்டார். ஆனால் அவ்விதியைத் தம் உடம்பிலே தாங்கியவர் நம் கடலிலே இருந்தனர். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகட்கு எதிரேயுள்ள முத்துப்பார்களில் ஐந்து முதற் பத்துப் பாகம் வரையான ஆழத்தில், காலிற் கல்லைக் கட்டிச் சுழியோடியவர் ஒரே மூச்சோடு இறங்கினர். ஐந்தரைப் பாகம், அதாவது பத்து மீற்றர் இறங்கியதும் அவர் நெஞ்சிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கும். பத்துப் பாகத்தில் மூன்றிலொன்றளவாகும். 1905இல் நிகழ்ந்த பெருஞ் சலாபத்திலே நம் கரையிற் கூடிய ஆயிரக்கணக்கான சுழியோடிகள் ஒவ்வொருவரும் பொயிலின் பரிசோதனையை நாடோறும் பலமுறை செய்தனர் என்னலாம். சுறாவை மந்திரத்தாற் கட்டும் கடற்கட்டிகட்குக் கூலி கொடுத்த அரசாங்கம், சுழியோடியின் நுரையீரலைப் பற்றிக் கவலைகொண்டதாகத் தெரியவில்லை.

இனி இறப்பருக்கு வருவோம். பிறேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த ஏறக்குறைய 70,000 விதைகள் 1876ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலண்டனையடுத்த கியூத் தோட்டத்திற் பாவப்பட்டன. முளைத்தவை நூற்றுக்கு நான்கு அளவே. அவற்றுள் 1,919 கன்றுகள் கண்ணாடிப் பேழைகள் 38இல் வைக்கப்பட்டு அவ்வாண்டே கொழும்புக்கு வந்தன. கம்பஹாவை அண்டிய ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. ஆசிய நாடுகளின் இறப்பர்த் தோட்டங்கட்குத் தாய்மரங்கள் நின்ற இடங்களுள் ஹெனரத்கொடை முதன்மையானது. மோட்டார் வண்டி பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் காடுகள் இறப்பர்த் தோட்டங்களாயின. 1906இற் பேராதனையில் இறப்பர்க் கண்காட்சியே நடந்தது.

மழை குன்றிய மன்னாரிலே இறப்பர் வளராது. ஆயினும் இறப்பர் வரலாற்றில் மன்னாருக்குப் பங்கில்லை என்று எண்ணுவது தவறு. அத்தோட்டங்களிற் பால்வெட்டியவருட் கணிசமானோர் தென்னிந்தியத் தமிழர். அவர்கள் வந்திறங்கிய வாயில் நம் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்கட்கு வந்தோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தவர் பலர். 1914 மார்ச்சிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய பின்னர், மண்டபம் முகாமில் அடைபட்டுச் சோதனைக்குள்ளாகி, தலைமன்னார்த் துறையில் இறங்கி, புகைவண்டியேறிச் சென்றனர். அதிகாலையிற் குளிரில் எழுந்து மரத்துக்கு மரம் சென்று பட்டையைச் சீவி, சிரட்டையிற் பாலேந்தி, ஒட்டுப்பாலையும் வீணாக்காது சேர்த்துக் கொடுத்த கைகள் அவர்களுடையவை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரிற் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகிய பின், தலைமுறை இரண்டு மூன்று இங்கே கழித்தவர்கள் அதே தலைமன்னார்த் துறையில், தகரப் பெட்டிகளோடு கப்பலேறினர். அவர்கள் வந்தபோது நம் தீவு பார்த்தது; போனபோதும் பார்த்தது. அவர்கள் வெட்டிய பாலோ கொழும்புத் துறைமுகத்தால் வெளிநாடு சென்று, ரயராகவும் குழாயாகவும் பந்தாகவும் மாறி, நமக்கே விலைக்கு வந்தது.

அப்பால் ஒருமுறை நமக்குச் சோறாகவும் வந்ததுண்டு. 1952 டிசெம்பரில் இலங்கை வாணிப மந்திரி ஆர். ஜி. சேனநாயக்கா சீனத்தோடு செய்த ஐந்தாண்டு உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு ஈடாக 270,000 தொன் அரிசி வந்தது. பங்கீட்டு அரிசியை உண்டு வளர்ந்த நம் பெற்றோர் தலைமுறையினர், மலைநாட்டுப் பால்வெட்டியின் உழைப்பை ஒவ்வொரு கவளத்திலும் உண்டனர். இது பந்தின் வரலாற்றுக்கு அயலான செய்தியெனச் சிலர் கூறலாம். விடுக என்றால் என் மனம் விடவில்லை.

பந்தின் மூன்றாம் உறுப்பு அதன் வாய். காற்றை உட்புக விட்டு வெளியேற விடாத வாயில் அமையாத வரையிற் பந்து ஒரு தொல்லையே. தோலை நாடாவால் இழுத்துக் கட்டிய பழைய பந்தைத் தலையாலடித்தவர் நெற்றி கிழிந்தனர். 1930 யூலை 30ஆந் திகதி மொன்றிவிடியோவில் நடந்த முதலாம் உலகக்கிண்ண இறுதியாட்டத்தில், எந்தப் பந்தில் ஆடுவது என்பதிலேயே இரு நாட்டாரும் முரண்பட்டனர். முற்பாதி ஆர்சன்ரீனாவின் பந்திலும் பிற்பாதி உருகுவேயின் பந்திலும் ஆடப்பெற்றன. தம் பந்தில் ஆடியபோது ஆர்சன்ரீனர் இரண்டுக்கு ஒன்றென முன்னின்றனர். பந்து மாறிய பின் உருகுவேயர் நான்குக்கு இரண்டென வென்றனர். இதனாற் பந்தே வென்றது எனக் கூறேன். ஆயினும் ஒரே அளவும் ஒரே அமுக்கமும் உள்ள பந்தை இருவர்க்கும் பொதுவாக்கல் எத்துணை அரிது என்பது இதனாற் புலனாகும். மறுவாண்டிலே ஆர்சன்ரீனாவின் பெல்வில் என்னும் சிற்றூரைச் சேர்ந்த மூவர், நாடாவில்லாததும் ஊசிக்குழல் செருகிக் காற்றடிக்கக் கூடிய மறைவாயில் உடையதுமான பந்தைச் செய்தனர். இன்று நம் பிள்ளைகள் உதட்டில் ஈரமாக்கிச் செருகும் ஊசி அவ்வூரின் கொடை.

இவை யாவும் கூடியபின்னரே பெரும்பந்து எளிதாயிற்று. அதற்கு முன்னர் ஒரு துணிகர முயற்சி நடந்தது. ஐக்கிய அமெரிக்காவின் நியூற்றன் நகரத்து எம். ஜி. கிறேன் என்பவர் 1894இல் ஆறடி விட்டமும் ஏறக்குறைய ஐம்பது றாத்தல் நிறையும் உள்ள பந்தொன்றைச் செய்வித்து, இரு கட்சியார் ஒருவரையொருவர் எதிர்த்து அதனைத் தள்ளும் ஆட்டத்தை அமைத்தார். மறுவாண்டு ஹாவாட் மாணவர் அதனை ஆடினர். 1902இல் இலண்டன் படிக மாளிகை அரங்கிலும் ஆடப்பெற்றது. பார்ப்போர்க்குக் களிப்பூட்டிய அவ்வாட்டம் ஏன் நிலைக்கவில்லை? அத்துணைப் பெரிய பந்தை எத்தனை கழகத்தார் வாங்கவும் நிரப்பவும் வைத்திருக்கவும் இயலும் என எண்ணிப் பார்த்தால் விடை தெளிவாகும்.

பந்தின் உறவினராகிய ஊதுபையைப் பற்றியும் ஒரு சொல். மைக்கேல் பரடே 1824இல் நீரகவாயுவை அடைத்துப் பார்ப்பதற்காக இறப்பர்த் தாள் இரண்டை ஒட்டி முதல் இறப்பர் ஊதுபையைச் செய்தார். நம் அண்டையிலே, சென்னைத் திருவொற்றியூரில் கே. எம். மம்மன் மாப்பிள்ளை 1946இல் ஒரு கொட்டகையில் தொடங்கியது பிள்ளைகள் விளையாடும் ஊதுபை செய்யும் தொழில். அதுவே பின்னர் மெட்ராஸ் றபர் பக்ரறி எனப் பெருகி, ரயர் உலகில் எம்.ஆர்.எஃப். என்னும் பெயரோடு விளங்குகின்றது. தைத்த பந்தின் தொழிலோ பஞ்சாப்பிலே சியால்கோட்டில் வேரூன்றியது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது அங்கிருந்து பெயர்ந்த கைவினைஞர் சலந்தரில் அதனை மீளத் தொடங்கினர். சியால்கோட்டிற் சிறுவர் கைகள் பந்து தைப்பதை உலகறிந்து 1997இல் அற்லாண்டாவில் உடன்படிக்கை எழுந்தது. 2014ஆம் ஆண்டு உலகக்கிண்ணப் பந்தும் அந்நகரிலே செய்யப்பட்டதே. தைத்த பந்து பெரும்பந்தாகாது. அளவு பெருகப் பெருகத் தையல் பெருகும், விலையும் பெருகும். தையலற்ற பெரும்பந்தைத் தந்தவர் இத்தாலியரான அக்குவிலீனோ கொசானி. பி.வி.சி. என்னும் பிளாத்திக்கினால் 1963இல் அவர் வார்த்த பந்தைச் சுவிற்சலாந்திலே உடற்பயிற்சி மருத்துவர் கையாண்டமையின் அது சுவிசுப் பந்து எனப் பெயர் பெற்றது. இன்று முதுகுநோவுக்கு மருத்துவர் இருத்திவைக்கும் பந்து அதுவே.

றோபோப் போட்டியிற் புகுந்ததும் அப்பந்துதான். டீன் கேமன் 1989இல் நிறுவிய 'பேர்ஸ்ற்' அமைப்பு, 1992இல் நியூ ஹம்சயர் மாநிலத்து மன்செஸ்ரர் நகரப் பாடசாலையொன்றின் உடற்பயிற்சி மண்டபத்தில் 28 குழுக்களோடு முதற்போட்டியை நடத்திற்று. முதலாட்டத்திற் சிறிய தெனிசுப் பந்துகளே இருந்தன. ஆண்டுதோறும் ஆட்டம் மாறும்; ஆட்டப்பொருளும் மாறும். 2008ஆம் ஆண்டில் நாற்பது அங்குல விட்டமுள்ள பந்தை ஆறரையடி உயர்ந்த பாலத்தின் மேலாகத் தூக்கி எறிய வேண்டியிருந்தது. 2014இல் ஈரடி விட்டமுள்ள உடற்பயிற்சிப் பந்தை ஒரு றோபோ எறிய மற்றொன்று ஏந்தவேண்டும். சனவரி முதற்கிழமைகளில் ஆட்டம் அறிவிக்கப்படும். அக்காலத்து விதிப்படி ஆறு கிழமைக்குள் இயந்திரம் முடியவேண்டும். 2008இல் ஏறக்குறைய 1,500 குழுக்கள் பங்குபற்றின. இத்துணைப் பேர் ஒரே நாளில், ஒரே அளவான, முன்னர் எவருந் தேடாத பந்தைத் தேடிப் புறப்பட்டாற் கடைகள் ஈடுகொடாமை வியப்பன்று. செல்வ நாட்டிலே இந்நிலையாயின் ஏனையோர் நிலை கூறவேண்டியதில்லை. 2017 யூலையில் வாசிங்ரனில் நாடுகள் கூடிய றோபோப் போட்டிக்கு வந்த ஆப்கானியச் சிறுமியர்க்கு, முதலில் விசா இருமுறை மறுக்கப்பட்டது. இயந்திர உறுப்புகளும் காலந்தாழ்த்தே கைவந்தன. கற்கும் ஆற்றலிற் பிள்ளைகள் ஒப்பாயினும் பொருள் கைக்கு வந்து சேரும் காலத்தில் ஒப்பாதல் இல்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். உதைபந்தின் விட்டம் ஏறக்குறைய 22 சதமமீற்றர். கனவளவு ஐந்தரை இலீற்றர். நாற்பது அங்குலப் பந்தின் கனவளவு ஏறக்குறைய 550 இலீற்றர். தோலின் பரப்பை ஒப்பிட்டாற் பெரும்பந்து உதைபந்தினும் 21 மடங்கே பெரிது. காற்றை ஒப்பிட்டால் 98 மடங்கு பெரிது. தோல் வருக்கத்தாற் பெருகக் காற்றுக் கனத்தாற் பெருகுகின்றது. என் துணிபின் உயிர்நாடி இங்கேயுள்ளது: பந்து பெரிதாகப் பெரிதாகத் தோலைத் தேடும் வருத்தம் ஒரு பங்கு ஏறினால், காற்றைச் செலுத்தும் வருத்தம் பல பங்கு ஏறுகின்றது. மூன்று சதமமீற்றர் உள்விட்டமும் நாற்பது சதமமீற்றர் நீளமும் உள்ள சைக்கிள் பம்பி ஓர் அடிக்குச் செலுத்துவது ஏறக்குறைய 280 கன சதமமீற்றர் காற்று. உதைபந்தை ஆட்டத்துக்குரிய அமுக்கத்துக்குக் கொணர அத்தகைய அடிகள் முப்பத்தைந்தளவு போதும். ஈரடிப் பந்துக்கு நானூற்றுக்கு மேல் வேண்டும். நாற்பது அங்குலப் பந்துக்கோ இரண்டாயிரத்துக்குச் சற்றே குறைவு. லிண்டனின் மனைவி ஊதியிருந்தால் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரே அமுக்கத்தில், பந்தின் ஆரை எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு அதன் தோல் இழுபடும். ஆதலின் உதைபந்துக்கு ஏற்ற அமுக்கம் பெரும்பந்தைக் கிழித்துவிடும். பெரும்பந்து கேட்பது மிகுந்த காற்று, குறைந்த அமுக்கம். சைக்கிள் பம்பியும் ரயருக்குக் காற்றடிக்கும் இயந்திரமும் தருவதோ குறைந்த காற்று, மிகுந்த அமுக்கம். இதனை நாங்கள் நூலிற் கற்கவில்லை. பந்தொன்றை இழந்து கற்றோம். உடற்பயிற்சிப் பொருள் விற்கும் கொழும்புக் கடையொன்றிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்த இரு பந்துகளுள் ஒன்றை, அவசரத்தினால் ரயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்திற் கொடுத்தோம். கடைக்காரத் தம்பி, "சேர், இது பஸ் ரயரில்லை, பாத்து" என்று எச்சரித்தும், இன்னுங் கொஞ்சம் என்றவன் நானே. பந்து வெடித்த ஓசைக்குத் தெருவில் நின்ற கழுதைகள் ஓடின. போர்க்காலத்தை அறிந்த முதியவர் ஒருவர் எதிர்த்திண்ணையிலிருந்து எழுந்தே விட்டார். மாணவர் சிரித்தனர், அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குச் சிறிது வெட்கமாயிருந்தது.

மிஞ்சிய ஒன்றுக்கு நாங்கள் தேடியது துருத்தி. காற்று மெத்தைக்கு மிதிக்கும் காற்பம்பியொன்றை மாணவனொருவன் உறவினர் வீட்டிலிருந்து கொண்டுவந்தான். அதன் அமைப்பைப் பார்த்தபோது, கொல்லன் உலையில் நான் சிறுவயதிற் கண்ட தோற்றுருத்தியின் பேரப்பிள்ளை என்றே தோன்றிற்று: மிகுந்த காற்று, குறைந்த அமுக்கம். சங்ககாலத்துத் தமிழன் கைவிட்ட இடத்தில் நாம் தொடங்கினோம் என்று மாணவரிடம் கூறினேன். ஒருவனும் செவிகொடுக்கவில்லை, மிதிப்பதிலேயே கண்ணாயிருந்தனர். புதிய பந்தை முதல்நாள் முழுவதும் நிரப்பலாகாது. ஐந்திலொரு பங்கு குறைத்து நிரப்பி, ஒருநாள் தோல் தளர விட்டு, மறுநாளே முழுவளவுக்குக் கொணர்தல் வேண்டும். அமுக்கமானியோ இத்துணைச் சிறிய அமுக்கத்தைக் காட்டாது. ஆகவே நூலால் அளந்தோம். ஈரடி விட்டத்துக்குச் சுற்றளவு எழுபத்தைந்தரை அங்குலம். வலை பின்னும் நூலில் அவ்வளவுக்கு முடிச்சிட்டுப் பந்தின் நடுவே சுற்றினோம். காலை ஏழு மணிக்கு முடிச்சும் முடிச்சும் தொட்டன.

நண்பகலில், வெயிலிற் கிடந்த பந்தை எடுத்து மறுபடி அளந்தபோது முடிச்சுக்கள் ஓரங்குலம் விலகி நின்றன. யாரோ இரகசியமாய்க் காற்றடித்தார் என்று மாணவருக்குள் சண்டை மூண்டது. காலை 27 பாகை இருந்த காற்று வெயிலில் 47 பாகையாயிருக்கலாம். இருபது பாகைக்கு நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு விரிவு கணக்கிலே வரும் என்று விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பின்னரே சண்டை ஓய்ந்தது. றோபோவின் கைகளை எந்நேரத்துப் பந்தின் அளவுக்குப் பொருத்துவது என்ற விவாதம் அதன்பின் தொடங்கி மாலைவரை நீண்டது. கடற்காற்று எழுந்து பந்து குளிர்ந்தபோது ஒருவன் நூலை எடுத்துச் சென்று சுற்றிப் பார்த்து, முடிச்சு தொடுகிறது என்று கூவினான்.